1812, செராம்பூர் அச்சகத் தீ: சாம்பலில் கிடைத்தது என்ன

எங்கள் சபையில் 'வேலையில் உண்மை' என்று ஒரு பிரசங்கம் வந்தால் அது எங்கே போய் முடியும் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். யோசேப்பு போத்திபாரின் வீட்டில் உண்மையாக இருந்தான், சிறைக்குப் போனான், கடைசியில் எகிப்து முழுவதற்கும் அதிகாரியானான். ஆகவே நீயும் ஆபீசில் உண்மையாக இரு, பிரமோஷன் தானாக வரும். யோசேப்பின் கதையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் நேரத்துக்குப் போய், ஒரு தாளை வீணாக்காமல், ஒரு எழுத்துப் பிழை விடாமல் வேலை பார்த்து, கடைசியில் தான் கோர்த்த ஈய எழுத்துகள் கிலோ கணக்கில் பழைய இரும்புக்கடைக்குப் போவதைப் பார்த்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒருவரின் மகன் நான். அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். அந்தப் பிரசங்கம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது செராம்பூர். நம் தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர் குடியேற்றமாக இருந்த ஊர். 1812 மார்ச் 11, புதன்கிழமை சாயங்காலம் அங்கிருந்த மிஷன் அச்சகம் பற்றி எரிந்தது. வில்லியம் கேரி, ஜோஷ்வா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் என்ற மூன்று பாப்டிஸ்ட் மிஷனரிகளும், அவர்கள் குடும்பங்களும், பண்டிதர்களும், எழுத்து வெட்டுகிறவர்களும், கோர்க்கிறவர்களும், பைண்டர்களும் சேர்ந்து பன்னிரண்டு வருடம் உழைத்துச் சேர்த்தது ஒரே ராத்திரியில் போனது. 'எரிந்தது, சோர்ந்துபோகவில்லை, தேவன் இரட்டிப்பாகத் தந்தார்' என்ற வடிவத்தில் நம்மில் பலர் இதை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்போம். அது பொய் இல்லை. ஆனால் அச்சுத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவன் படித்தால் அதற்குள்ளே வேறு ஒன்று கண்ணில் படுகிறது, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த ராத்திரி

அச்சகக் கட்டடம் சுமார் 200 அடி நீளம். அதற்குப் பொறுப்பு வார்ட். அவர் இங்கிலாந்திலேயே முறையாக அச்சுத் தொழில் பழகியவர், டெர்பி நகரத்தில் பத்திரிகை வேலையும் பார்த்தவர். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு அவர் தன் மேஜையில் இருக்கும்போது புகை கிளம்பியது. எரிந்தது தாள் அடுக்கிவைத்திருந்த பக்கம். அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை; கட்டுக்கட்டாக அடுக்கிய தாள் ஒருமுறை பிடித்துக்கொண்டால் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும், மேலே தண்ணீர் ஊற்றினாலும் நடுவில் இறங்காது.

வார்ட் பதறவில்லை. கதவு, ஜன்னல் அத்தனையையும் அடைக்கச் சொன்னார், காற்று உள்ளே போகக் கூடாது என்று. கூரைமேல் ஏறி அங்கே திறப்பு உண்டாக்கி, மேலிருந்து தண்ணீரை இறக்கினார்கள். சில மணி நேரம் இது பலித்தது, தீ அடங்கிவிடும் போலத்தான் இருந்தது. அப்புறம் யாரோ ஒருவர் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். உதவி செய்வதாக நினைத்துத்தான் திறந்திருப்பார். காற்று உள்ளே பாய்ந்தது, அவ்வளவுதான். நடுராத்திரியில் கூரை இடிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். பக்கத்து அறையில் இருந்த பிரஸ்களை மட்டும் எப்படியோ வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

கேரி அன்று ஊரில் இல்லை. கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளமும் சமஸ்கிருதமும் கற்றுக்கொடுப்பது அவர் உத்தியோகம், வாரத்தில் பாதி நாள் அங்கேதான். மறுநாள் காலையில் மார்ஷ்மன் போய் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை.

போனது என்ன என்று பார்க்க வேண்டும். பதினான்கு கீழை மொழிகளின் எழுத்துகள் உருகிப் போயின. தாள் போயிற்று, அச்சடித்து அடுக்கிய பக்கங்கள் போயின. அதையெல்லாம் பணத்தால் திரும்ப வாங்கிவிடலாம். கையெழுத்துப் பிரதிகளை எங்கே போய் வாங்குவது? கேரி பல வருடமாகத் தொகுத்துவந்த பன்மொழி அகராதி, பஞ்சாபி இலக்கணம், தெலுங்கு இலக்கணம், மொழிபெயர்ப்புகளின் பகுதிகள், எல்லாம் சாம்பல். நகல் எடுத்துவைக்கிற காலம் இல்லை அது. ஒரு பிரதிதான், அது போனால் போனதுதான். கம்ப்யூட்டர் நின்றுபோய் இரண்டு மணி நேர வேலை அழிந்தாலே நான் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

இந்த நஷ்டத்தில் நம் பங்கும் உண்டு. 1811இல் கல்கத்தாவில் ஒரு வேதாகமச் சங்கம் தொடங்கி, தெற்கேயும் இலங்கையிலும் வேதாகமம் இல்லாமல் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிய ஏற்பாட்டை அச்சடித்துத் தர செராம்பூரைத்தான் கேட்டிருந்தது. அதனால் எரிந்த எழுத்துகளில் தமிழ் எழுத்தும் இருந்தது.

ஒரே சாயங்காலத்தில் பல வருட உழைப்பு எரிந்துபோயிற்று, தேவனுடைய வழிகள் ஆராய்ந்து முடியாதவை என்று கேரி எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. சமீபத்தில்தான் எல்லாவற்றையும் இதற்கு மேல் முடியாது என்ற அளவுக்குச் செம்மைப்படுத்தியிருந்தேன், அதைப் பார்த்து நானே கொஞ்சம் அதிகமாக மெச்சிக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாழ்த்தினார் என்றும் ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்துக்கு எடுத்த வசனம் 46ஆம் சங்கீதத்தில் உள்ளது: 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்.'

கேரி பெருமைப்பட்டதால்தான் தேவன் அச்சகத்தைக் கொளுத்தினார் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் தன் வேலை எரிந்துகிடக்கும்போது, தன் வேலையைத் தான் எப்படிப் பார்த்தேன் என்று ஒருவர் தன்னையே கேட்டுக்கொள்வது லேசான காரியம் இல்லை. நாம் முதலில் எங்கே போவோம்? யார் ஜன்னலைத் திறந்தது என்ற விசாரணைக்குத்தான்.

சாம்பலைக் கிளறியபோது

இனி சொல்லப்போவது தொழில் சமாச்சாரம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஈய எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அவர் முதலில் வேலை பழகிய இடத்தில் சொந்தமாக எழுத்து வார்க்கிற கூடம் இருந்ததாம். முதலில் ஒரு உருக்குத் துண்டின் முனையில், விரல் நகத்தில் பாதி அகலம்கூட இல்லாத இடத்தில், ஓர் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அதுதான் பஞ்ச். 'ஞ' மாதிரி ஒரு எழுத்தின் உள்வளைவைக் குடைந்து எடுக்க ஒரு நாள் போதாது என்பார். அந்த உருக்குப் பஞ்சைச் செம்புக் கட்டியில் வைத்து ஓங்கி அடித்தால் எழுத்து குழியாகப் பதியும், அது மேட்ரிக்ஸ். அந்தக் குழியில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து. ஒரு மேட்ரிக்ஸிலிருந்து ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் கிடப்பதும், ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோர்ப்பதும், தாளில் பதிவதும் இந்தக் கடைசிப் பிள்ளைதான். பஞ்ச் வெட்டியவன் கைவேலையை வாசகன் ஒருநாளும் நேரில் பார்ப்பதில்லை.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், தகரமும் ஆண்டிமனியும் சேர்ந்த எழுத்துக் கலவை அதற்கும் முன்பாகவே. உருக்கும் செம்பும் அப்படி இல்லை.

செராம்பூரில் தீ அடங்கிய பிறகு வார்ட் ஆட்களை வைத்து இடிபாட்டைக் கிளறினார். ஈயம் உருகி ஓடி, குளம்போலத் தேங்கி உறைந்துகிடந்தது, டன் கணக்கில். அதற்கிடையில் பஞ்சுகளும் மேட்ரிக்ஸ்களும் கெடாமல் கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில்.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். 'அவனவனுடைய வேலைப்பாடு எத்தன்மையுள்ளதென்று அக்கினியானது பரிசோதிக்கும்' என்று கொரிந்தியர் நிருபத்தில் இருக்கிறதே, அதைச் சிறுவயது முதல் எத்தனை தடவை கேட்டிருப்பேன். அது எனக்கு எப்போதும் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய, கொஞ்சம் பயமுறுத்துகிற வசனம்தான். இங்கே அது ஒரு தொழிற்கூடத்தில் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. எல்லாரும் பார்த்த வேலை போயிற்று. யாரும் பார்க்காத, மாதக்கணக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செதுக்கிய வேலை மிஞ்சியது.

அந்தப் பஞ்சுகளை வெட்டியவர்கள் யார் என்று கேட்டால் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கொல்லர். சார்லஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து வங்காள எழுத்தை முதன்முதலில் வார்க்கப் பழகியவர், பிறகு செராம்பூருக்கு வந்தார். அவரிடம் கற்றுக்கொண்டவர் மருமகன் மனோகர். பஞ்சானன் இந்தத் தீக்கு முன்பே காலமாகிவிட்டார். மனோகர் நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்த மிஷனுக்கு எழுத்து வெட்டினார், ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை மொழிகளுக்கும். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. தன் தெய்வத்தின் உருவத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துதான் வேதாகம எழுத்துகளைச் செதுக்கினார் என்று நேரில் பார்த்த ஒரு மிஷனரி எழுதிவைத்திருக்கிறார்.

கிறிஸ்தவ உண்மையைப் பற்றி எழுத வந்துவிட்டு இதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. செராம்பூரைக் காப்பாற்றிய கைவேலை ஒரு இந்துக் கைவினைஞருடையது. நான் இதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், கேரியின் விசுவாசம் அவரை மனோகரின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. பிரசங்கம் பண்ணுவது மட்டும்தான் ஊழியம் என்று நினைக்கிற ஆளாக அவர் இருந்திருந்தால் ஒரு கொல்லரைத் தேடிப்போய், அவர் கேட்ட நேரத்தைக் கொடுத்து, பல வருடம் காத்திருக்க மாட்டார். நல்ல வேலையை நல்ல வேலை என்று மதிக்கத் தெரிவதும் வேலையில் உண்மையாக இருப்பதில் ஒரு பகுதிதான்.

செருப்புக் கடையில் ஒரு செல்லாத ஷில்லிங்

கேரி 1761இல் நார்தாம்ப்டன்ஷயரில் பிறந்தவர். பதினான்கு வயது சுமாருக்குச் செருப்புத் தைக்கிறவரிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். அங்கே நடந்த ஒன்றை அவரே பின்னால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் வேலை பழகும் பையன்கள் கடைக்காரர்களிடம் போய்ச் சின்ன அன்பளிப்பு வாங்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். ஒரு இரும்புக் கடைக்காரர் இவரிடம் ஷில்லிங் வேண்டுமா, ஆறு பென்ஸ் வேண்டுமா என்று கேட்டார். பையன் ஷில்லிங்கைத்தான் எடுத்தான். பிறகு ஏதோ வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது, அது கள்ளக் காசு. கையில் முதலாளியின் பணமும் இருந்தது. முதலாளியின் நல்ல ஷில்லிங்கை எடுத்துக்கொண்டு, செல்லாத காசை அதில் வைத்து, முதலாளி கொடுத்ததே கள்ளக் காசுதான் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினான். வழியெல்லாம் ஜெபம் வேறு: இந்த ஒரு தடவை தப்பவிட்டுவிடும் ஆண்டவரே, இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்.

தப்பவில்லை. முதலாளி விசாரித்தார், குட்டு உடைந்தது, வெட்கத்தில் பையன் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. தன் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசும்போது கேரி இந்த ஷில்லிங்கை விடாமல் குறிப்பிடுகிறார். பதினான்கு மொழிகளில் அச்சகம் நடத்தியவரின் உண்மை இங்கே, ஒரு செல்லாத காசில், தோற்றுப்போன இடத்தில் தொடங்குகிறது. 'கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்' என்ற வசனத்தில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சம் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

1793 நவம்பரில் வங்காளத்துக்கு வந்தார். முத்னாபதி என்ற ஊரில் அவுரித் தொழிற்சாலை மேற்பார்வை, அதில் வந்த சம்பளத்தில் குடும்பமும் மொழிபெயர்ப்பும். வங்காளத்தில் ஏழு வருடமாக ஒரு வங்காளிகூட விசுவாசத்துக்கு வரவில்லை. 1800 டிசம்பர் 28இல் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தார், அவர்தான் முதல் ஆள். அதற்கு வழி திறந்ததும் ஒரு சாதாரண வேலைதான்: கீழே விழுந்து தோள்பட்டை பிசகிய கிருஷ்ண பாலுக்கு டாக்டர் ஜான் தாமஸ் கையைச் சரிசெய்து கட்டுப்போட்டார்.

1806 ஜூனில் கேரி ஒரு கடிதத்தில் தன் ஒரு நாளை அப்படியே எழுதியிருக்கிறார். காலை ஆறு மணிக்குள் எழுந்து எபிரெய வேதாகமத்தில் ஒரு அதிகாரம், ஜெபம், வேலைக்காரர்களோடு வங்காளத்தில் குடும்ப ஜெபம், டீ வருவதற்குள் முன்ஷி என்ற மொழி ஆசிரியரோடு கொஞ்சம் பாரசீகம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பண்டிதரோடு சமஸ்கிருத ராமாயண மொழிபெயர்ப்பு, பத்து மணிக்குக் கல்லூரி. திரும்பி வந்தால் எரேமியாவின் வங்காளப் புரூஃப் காத்திருக்கிறது. சாப்பாடு. பிறகு மத்தேயுவைச் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுபோவது, ஆறு மணிக்குத் தெலுங்குப் பண்டிதர், ஏழரைக்குப் பிரசங்கம், ராத்திரி பதினொரு மணிவரை எசேக்கியேல். அன்று அற்புதம் எதுவும் நடக்கவில்லை, யாரும் பாராட்டவில்லை. புரூஃப் திருத்தினார், அவ்வளவுதான்.

தன்னைப் பற்றி யாராவது எழுதினால் என்ன எழுதலாம் என்று தன் தம்பி மகனிடம் அவர் சொன்னது பிரபலம். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் சொல்கிறார், நம் பேச்சில் சொன்னால் உழவு மாட்டின் நடை என்றுதான் எனக்குப் படுகிறது: சால் பிடித்தால் சால் முடிகிறவரை நடப்பேன், எடுத்ததை விடமாட்டேன், அதற்கு மேல் யார் என்னைப் புகழ்ந்தாலும் அது அதிகம்.

பலன் என்று வந்தவை

தீக்குச் சில நாள் முன்புதான் காலியாகியிருந்த பக்கத்துக் கிடங்குக்கு அச்சகத்தை மாற்றினார்கள். உறைந்த ஈயத்தை உடைத்து மறுபடி உருக்கி, பிழைத்த மேட்ரிக்ஸ்களில் ஊற்றி, எழுத்து வார்ப்பவர்கள் முறைவைத்து ராத்திரி பகலாக வேலை பார்த்தார்கள். பண்டிதர்கள் மொழிபெயர்ப்புக்குத் திரும்ப உட்கார்ந்தார்கள். ஒருமுறை நடந்த பாதையில் இரண்டாம் தடவை நடப்பது எளிது, அடி தப்பாது, ஆகவே வேலையில் உண்மையான மதிப்புள்ள எதுவும் குறைந்துபோகாது என்று நம்புகிறேன் என்று கேரி எழுதினார். அந்த வருடம் முடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மொழிகள் அச்சேறின. தமிழ்ப் புதிய ஏற்பாடும், ஃபப்ரீசியஸ் என்ற ஜெர்மன் மிஷனரியின் மொழிபெயர்ப்பு, 1813இல் அங்கே அச்சாகி வெளிவந்தது.

தீயின் செய்தி இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சபைகளில் காணிக்கை குவிந்தது, இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 10,000 பவுண்டு. போதும், நஷ்டம் ஈடாகிவிட்டது என்று சொல்ல வேண்டிய அளவுக்கு வந்தது. அதுவரை செராம்பூர் என்ற பெயரைக் கேட்டிராதவர்களும் கேரியைப் பற்றிப் பேசினார்கள்.

நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே ஆமென் போட்டுவிடும். ஆனால் அங்கே, இவர்களை அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் பயந்துபோனார். இந்தத் தீ உங்களுக்கு வேறு எதனாலும் கிடைத்திருக்க முடியாத பேரைக் கொடுத்துவிட்டது, இந்தப் புகழ்ச்சித் தூபத்தை நாம் மூச்சில் இழுத்துக்கொண்டால் தேவன் தம் ஆசீர்வாதத்தை நிறுத்திக்கொள்ள மாட்டாரா, அப்புறம் நம் கதி என்ன என்ற அர்த்தத்தில் எழுதி எச்சரித்தார். பணம் குவிகிற நேரத்தில் இப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவர் பயந்ததில் அர்த்தம் இருந்தது. ஃபுல்லர் 1815இல் இறந்த பிறகு லண்டனில் இருந்த சங்கத்துக்கும் செராம்பூருக்கும் சொத்து யாருடையது என்று கசப்பான தகராறு மூண்டு, 1827இல் இரண்டும் பிரிந்தன. செராம்பூரில் இருப்பவர்கள் சுகபோகமாக வாழ்கிறார்கள் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அதற்கு என்ன ஆதாரம்? கேரியின் கல்லூரிச் சம்பளம், முதலில் மாதம் 500 ரூபாய், பிறகு 1,000, அன்றைக்கு அது பெரிய பணம், பொதுப் பெட்டிக்குத்தான் போனது. ஹன்னா மார்ஷ்மனும் அவர் கணவரும் நடத்திய பள்ளிகளின் வருமானமும் அதே பெட்டிக்குத்தான். ஹன்னாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வருடக்கணக்கில் மிஷனின் அடுப்பு எரிந்ததில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு, அதோடு கேரியின் தாயில்லாத நிலையில் வளர்ந்த பையன்களையும் அவர்தான் கவனித்துக்கொண்டார்.

தாயில்லாத நிலை என்றா சொன்னேன், தாய் இருந்தார். டாரதி கேரி. இந்தியாவுக்கு வர விருப்பமே இல்லாமல் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் டாரதியின் மனநிலை சிதறியது, 1807இல் இறக்கும்வரை திரும்பவே இல்லை. பக்கத்து அறையில் அவர் சத்தமிட்டுக்கொண்டிருக்க, கேரி இங்கே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதாமல் கேரியின் உழைப்பை மட்டும் எழுதினால் அது உண்மையான ஆய்வு ஆகாது. அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மருந்து இல்லை, அவர் மனைவியைக் கைவிடவும் இல்லை, பூட்டிவைக்கிற விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தார், இதெல்லாம் தெரிகிறது. ஆனாலும் பிள்ளைகள் கட்டுப்பாடில்லாமல் திரிந்ததையும், அவர் அதைக் கண்டித்துத் திருத்தத் தெரியாமல் இருந்ததையும் கூட இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். உழவு மாடு சாலை விட்டு ஒதுங்காது, சரி. வரப்பில் யாராவது விழுந்து கிடந்தால் அதன் கண்ணில் படுமா? வேலையில் உண்மை என்று பேசுகிற நம் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஞாயிறுகூட வீட்டில் இல்லாத ஊழியக்காரர் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

1799இல் கேரி ஆற்றங்கரையில் ஒரு விதவையைக் கணவனின் சிதையோடு வைத்து எரிப்பதை நேரில் பார்த்தார். தடுக்கப் பேசிப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அரசாங்கத்துக்கு எழுதினார், எத்தனை பெண்கள் எரிகிறார்கள் என்று ஆள் வைத்துக் கணக்கு எடுத்தார், பண்டிதர்களிடம் சாஸ்திரம் விசாரித்தார். ராம்மோகன் ராய் போன்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து போராடினார்கள். முப்பது வருடம்.

1829 டிசம்பர் 4இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் சதி என்ற இந்த உடன்கட்டை வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டத்தைப் பிறப்பித்தார். அதை வங்காளத்தில் மொழிபெயர்க்க அரசின் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் கேரிதான். கடிதம் அவர் கைக்கு வந்தது டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்குப் புறப்படுகிற நேரம். அவருக்கு அப்போது 68 வயது. ஓய்வுநாளை மிகக் கண்டிப்பாக ஆசரிக்கிறவர். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்று எனக்கு ஆராதனை இல்லை என்று சொல்லி வேறொருவரைப் பிரசங்கத்துக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் தாமதித்தால்கூட எங்கோ ஒரு பெண் எரிந்துவிடலாம். பண்டிதரைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்.

அன்று அவர் செய்தது அவர் தினமும் செய்கிற வேலைதான். அரசாங்க வாக்கியத்தை வங்காள வாக்கியமாக்குவது, சட்டத்தில் சந்து இல்லாத சொல்லைத் தேடுவது, புரூஃப் பார்ப்பது. முப்பது வருடமாக எரேமியாவும் எசேக்கியேலும் பார்த்துப் பழகிய கை இல்லாவிட்டால் ஒரே பகலில் அதை முடித்திருக்க முடியாது. உண்மையான உழைப்புக்கு என்ன பலன் என்று என்னை யாராவது கேட்டால் நான் பதவியைக் காட்டமாட்டேன், 10,000 பவுண்டையும் காட்டமாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமையைக் காட்டுவேன். தேவை வந்த நாளில் கை தயாராக இருந்தது.

மீதியில் பல நிற்கவில்லை. அவர் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றை அடுத்த தலைமுறையே குறை கண்டு மாற்றி எழுதியது, அதில் நியாயமும் இருந்தது, சில மொழிகளை அவர் போதிய அளவு அறியாமலேயே பண்டிதர்களை நம்பி வேலை பார்த்தார். 1823இல் வெள்ளம் அவருடைய தோட்டத்தை அழித்தது. அதே வருடம் மார்ச்சில் வார்ட் காலராவில் போனார். 1830ஐ ஒட்டிக் கல்கத்தா வணிக நிறுவனங்கள் வரிசையாக நொடித்தபோது மிஷனின் சேமிப்பும் அதோடு கரைந்தது. 1834 ஜூன் 9இல் கேரி இறந்தார்.

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் முகத்துக்கு நேரே பிடித்து, ழகர ளகரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒருமுறை, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, வேலை பார்த்த இடத்தில் ஐந்நூறு பத்திரிகைகளில் பெண்ணின் அப்பா இனிஷியல் தப்பாகப் பதிந்துவிட்டது, யார் பார்க்கப் போகிறார்கள் அப்படியே கட்டிக் கொடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்பா ராத்திரி அங்கேயே தங்கி, கோர்த்து, டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தில் தானே மிதித்து ஐந்நூறையும் திரும்ப அடித்துவிட்டுக் காலையில் வந்தார். தாளுக்கான காசு அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தீயையும், கூரை விழுந்ததையும், கேரியால் பேச முடியாமல் போனதையும் வாசித்தேன். அப்பா அசையாமல் கேட்டார். ஈயம் உருகிக் குளமாய்க் கிடந்தது என்ற இடத்தில் மட்டும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும், ஸ்டிக்கில் எழுத்தை நிறுத்துகிற மாதிரி, ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார்.

"மேட்ரிக்ஸ் கெடச்சுதால?"

"கெடச்சுதுப்பா. பஞ்சும் கெடச்சுது."

"அப்பம் வேற என்ன," என்று சொல்லிவிட்டு, மேலே வாசிக்கச் சொன்னார்.